“பாதுகாப்பு வலயம்” என்று எழுதாதேங்கோ: காட்டுத்தீயும் எங்கட சனமும்

(மெல்பேர்ணின் தென்கிழக்கில், கோடை தொடங்குமுன் நடந்த எங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வரமுடியாத தோழர்களுக்காக எழுத்தில்.)



முதலில் ஒன்று. நாங்கள் கூடியிருக்கும் இந்த நிலம் குலின் மக்களுடையது. அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு நெருப்பைப் பற்றிக் கதைக்கப் போவதால் இதைச் சடங்காகச் சொல்லாமல் கடனாகச் சொல்கிறேன். ஏன் கடன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, என்ர தமிழ். அம்மம்மாவிடம் கேட்ட பேச்சுத் தமிழும், சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துத் தமிழும் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

2009 பெப்ரவரி 7, சனிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. மெல்பேர்ணில் அன்றைக்கு 46.4 பாகை வெப்பம். வீட்டுக்குள்ளே யன்னல் எல்லாம் சாத்தி, ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தது ஞாபகம். அம்மாவும் அப்பாவும் ஒரு தொலைபேசியைச் சுற்றி இருந்தார்கள். அம்மம்மா வன்னிக்குள்ளே. அவவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தொலைக்காட்சியில் நெருப்பைக் காட்டினார்கள். நான் அது வன்னி என்று நினைத்தேன். அப்பாதான் சொன்னார், “இல்லைப் பிள்ளை, இது இஞ்ச.”

அந்த ஒரு நாளில் விக்டோரியாவில் மூண்ட நெருப்புகளில் 173 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அவுஸ்திரேலியர்கள் அதைக் ‘கறுப்புச் சனி’ என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் அதைக் கதைத்ததில்லை. எங்களுக்கு அந்த மாதம் முழுக்கவே கறுப்புத்தான்.

இவ்வளவு காலமும் இரண்டையும் நான் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். போன கோடையில்தான் இரண்டும் ஒரு மேசையில் சந்தித்தன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இப்போது இருப்பது நகரத்தின் கடைசி ஓரம். உங்களில் பாதிப்பேரின் வீட்டுக்காரரும் அப்படித்தான். டண்டினோங்கில் வாடகை கட்ட ஏலாமல் பேர்விக், ஒபிசர், பக்கன்ஹம் என்று தள்ளித் தள்ளிப் போனோம். புது வீடு, புதுத் தெரு. தெரு முடிகிற இடத்தில் ஒரு கம்பிவேலி, அதற்கு அப்பால் இடுப்பளவு காய்ந்த புல். அதற்கும் அப்பால் மலையும் காடும். “நாங்கள் காட்டில இருக்கேல்லையே, எங்களுக்கென்ன” என்று அம்மா சொல்லுவா. இதுதான் முதல் பிழை. புல்வெளித் தீ திறந்த வெளியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். எங்களில் ஒருவராலும் அந்த வேகத்தில் ஓட ஏலாது. அடர்ந்த காட்டுத்தீயிலிருந்து காற்றில் வரும் தணல், கறுப்புச் சனியன்று 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்ப் புது நெருப்பை மூட்டியது. வீடுகள் பெரும்பாலும் எரிவது சுவாலை வந்து தொடுவதால் அல்ல. பீலிக்குள் கிடக்கும் காய்ந்த இலையில், கால்மிதியில், ஓட்டுக்குக் கீழே இருக்கிற இடைவெளியில் ஒரு தணல் விழுந்து, ஒருவரும் பார்க்காத நேரத்தில் பற்றுவதால்.

போன கோடைக்கு முன்னம் எங்கள் குழு ஒரு துண்டுப்பிரசுரம் போட முடிவெடுத்தது. எங்கட தெருக்களில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு, ஒரு தாள், இரண்டு பக்கம். பல்கலைக்கழகத்தில் படிக்கிறதால் மொழிபெயர்ப்பு என்ர தலையில் விழுந்தது. இரண்டு இரவு இருந்து எழுதினேன். பெருமையாகவும் இருந்தது. அச்சுக்குக் கொடுக்கமுதல் அம்மம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்ப்பா என்று.

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தா. அரைவாசியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினா.

“ஆர் எழுதினது இது?”

“நான்தான் அம்மம்மா.”

“இதில சொல்லியிருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டன் பிள்ளை.”

நான் எழுதியிருந்தது இதுதான்: ‘வெளியேற முடியாவிட்டால் அருகிலுள்ள பாதுகாப்பு வலயத்துக்குச் செல்லுங்கள்.’

தோழர்களே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009 ஜனவரியிலிருந்து மே வரைக்கும் இலங்கை அரசு அடுத்தடுத்து மூன்று இடங்களைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. சனத்தை அங்கே போகச் சொன்னது. பிறகு அந்த மூன்றுக்குள்ளும் பாரிய அளவில் எறிகணை அடித்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் இதை எழுதி வைத்திருக்கிறது. அம்மம்மா அதை வாசிக்கத் தேவையில்லை. அவ அதற்குள்ளே இருந்தவ.

இங்கே விக்டோரியாவில், வேறு வழியே இல்லாமல் போனால் ஒதுங்குவதற்கென்று சில ஊர்களில் ஒரு மைதானத்தையோ கட்டடத்தையோ குறித்து வைத்திருக்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரை அகராதியை வைத்து மாற்றினால் ‘பாதுகாப்பான இடம்’ என்று வரும். நான் அதை இன்னும் ‘நல்ல தமிழ்’ ஆக்க நினைத்து ‘வலயம்’ போட்டேன். ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் எங்கட தெருவில் எத்தனை வயதுபோன ஆக்கள், நெருப்பு வரும் நேரம் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல் இருந்திருப்பினம் என்று யோசித்துப் பாருங்கோ.

“அப்ப என்னெண்டு எழுதுறது அம்மம்மா?” என்று கேட்டேன்.

“அந்த இடத்தில உண்மையா என்ன இருக்கு? அதைச் சொல்லு.”

நான் போய்ப் பார்த்தேன். அங்கே சாப்பாடு இருக்காது. முதலுதவி இருக்குமென்று இல்லை. தீயணைப்பு வண்டி நிற்குமென்றும் இல்லை. உயிர் தப்பும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. நேரடிச் சுவாலையிலும் அனல் வெக்கையிலும் இருந்து மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் காப்பு, அவ்வளவுதான். அதை அப்படியே எழுதினோம்: ‘கடைசி ஒதுக்கிடம். முன்கூட்டியே வெளிக்கிட்டால் இது தேவைப்படாது.’ அம்மம்மா வாசித்துவிட்டுச் சொன்னா, “இப்ப சரி. பொய் இல்லை.”

நான் இதிலிருந்து படித்தது: எங்கட சனத்துக்கு அறிவிப்பு விளங்காததல்ல பிரச்சினை. அறிவிப்பை நம்பிப் போய் அடிபட்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. அதைத் தெரியாமல் அரச பிரசுரத்தைத் தமிழாக்கிக் கொடுத்தால், நாங்களும் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள் மாதிரித்தான்.

இன்னொரு விசயமும் அம்மம்மாவிடம்தான் படித்தேன். இங்கே எல்லாரும் சொல்வது ஒன்றைத்தான்: வேளைக்கு வெளிக்கிடு. சரிதான். கறுப்புச் சனிக்குப் பிறகு நடந்த அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையை நான் ஆய்வுக்காக வாசித்தேன். அதில் திரும்பத் திரும்ப வருவது, ‘பொறுத்துப் பார்ப்பம்’ என்று இருந்தவர்களின் கதை. 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்திருக்கிறார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள், எழுபதுக்கு மேற்பட்டவர்கள், அல்லது நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள்.

ஆனால் எங்கட ஆக்களுக்கு ‘வேளைக்கு வெளிக்கிடு’ என்றால் என்ன? அம்மம்மா சொன்னா: “இடம்பெயரேக்க முதல் வெளிக்கிட்டவன்ர வீட்டுக் கதவையும் கழற்றிக்கொண்டு போட்டாங்கள். கடைசிவரை நிண்டவன்தான் ரெண்டு மூட்டையாவது கொண்டுவந்தவன்.” யுத்தம் அவவுக்குச் சொல்லிக்கொடுத்தது பிந்தி வெளிக்கிடத்தான். நெருப்பு அதற்கு நேர் எதிர். பிந்தி வெளிக்கிடுவதுதான் ஆகவும் ஆபத்து. றோட்டில் புகை, கண் தெரியாது, மரம் விழுந்திருக்கும், முன்னால் போகிற கார் நின்றிருக்கும்.

அதனால் நாங்கள் சொல்லை மாற்றினோம். ‘வெளியேறுங்கள்’ என்று சொல்வதில்லை. ‘அன்றைக்கு ஒரு நாள் போய் இருந்துவிட்டு வாங்கோ’ என்று சொல்கிறோம். ஆபத்து நாள் என்றால் காலையிலேயே டண்டினோங்கில் சின்னம்மா வீடு. இல்லாட்டி நூலகம், கடைத்தொகுதி. எங்கேயாவது நகரத்துக்குள், குளிரூட்டி இருக்கிற இடம். பின்னேரம் காற்று அடங்க, அறிவித்தல் பார்த்துத் திரும்பி வருவது. ஒன்றும் நடக்காவிட்டால் நல்லது, சின்னம்மாவோடு சோறு சாப்பிட்டாச்சு. அம்மம்மா இப்போது இதை “சின்னம்மா வீட்டு நாள்” என்கிறா. வழி கண்டுபிடித்தது அவதான், நான் அல்ல.

அது எந்த நாள் என்று எப்படித் தெரியும்? 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க நான்கு படி: மொடரேற், ஹை, எக்ஸ்ட்ரீம், கற்றஸ்ட்ரோபிக். இது நெருப்பு மூளமுதல் சொல்வது, அதாவது மூண்டால் எவ்வளவு மோசமாகப் போகும் என்பது. கற்றஸ்ட்ரோபிக் என்று முதல்நாள் அறிவித்தால் அன்று இரவே, அல்லது விடியவே போய்விட வேண்டும். நெருப்பைக் கண்ட பிறகு அல்ல. வயதுபோன ஆக்கள், குழந்தைகள், கார் இல்லாத ஆக்கள் இருக்கிற வீடென்றால் எக்ஸ்ட்ரீம் நாளிலும் அதே திட்டம்.

நெருப்பு மூண்ட பிறகு வருவது வேறு மூன்று: மஞ்சள், அட்வைஸ். செம்மஞ்சள், வாட்ச் அன்ட் அக்ட். சிவப்பு, எமர்ஜென்சி வோர்னிங். இந்த நடுவில் இருப்பது பொல்லாதது. அம்மா அதை ‘பார்த்துக்கொண்டு இரு’ என்றுதான் விளங்கி வைத்திருந்தா. ‘வாட்ச்’ என்ற சொல்தானே முதல் வருகிறது. அதன் உண்மையான பொருள், ‘நிலைமை மாறுது, இப்ப எழும்பு’ என்பது. உங்கட அம்மா அப்பாவிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கோ, என்ன விளங்கியிருக்கு என்று.

தொலைபேசிக்கு வரும் அவசரச் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் கேட்க ஒரு வழி இருக்கிறது: 131 450க்கு அழைத்துத் ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள். அவரிடம் விக்எமர்ஜென்சி இலக்கமான 1800 226 226க்கு இணைக்கச் சொல்லவேண்டும். இந்த இரண்டு இலக்கத்தையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கோ. உயிராபத்து என்றால் நேரே 000.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். இந்தப் பக்கத்தில் மோசமான நாளில் முதல் வடக்கிலிருந்து சுடுகாற்று அடிக்கும். நெருப்பு நீளமாக, ஒடுக்கமாக ஓடும். பின்னேரம் தென்மேற்குக் காற்று திரும்பும். எங்களுக்கு அது ‘அப்பாடா, குளிருது’ என்று இருக்கும். நெருப்புக்கோ அந்த நேரம் அதன் நீண்ட பக்கம் முழுக்க முன்பக்கமாக மாறும். கறுப்புச் சனியில் பலர் இறந்தது அந்தத் திருப்பத்துக்குப் பிறகு. குளிர்காற்று வந்தவுடன் வீட்டுக்குத் திரும்பாதேங்கோ. அறிவித்தல் வரட்டும்.

அகப்பட்டுப் போனால்? இதையும் வெளிப்படையாகக் கதைப்போம். அம்மம்மாவின் திட்டம் குளியலறை. “தண்ணி இருக்கு, யன்னல் சின்னன், பங்கர் மாதிரி” என்றா. எறிகணைக்கு அது சரி. நெருப்புக்கு அது பொறி. கறுப்புச் சனியில் குளியலறைகளுக்குள் ஒதுங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கதவுதான், வெளியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒதுங்கவேண்டி வந்தால் நெருப்பு வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறை. இரண்டு வழி வேண்டும், அதில் ஒன்று நேரே வெளியில் திறக்கவேண்டும். நெருப்பு முகப்பு கடந்தவுடன், வீடு எரிந்தால், ஏற்கனவே எரிந்த நிலத்துக்கு வெளிக்கிட வேண்டும். காரில் அகப்பட்டால் மரம் புல் இல்லாத இடத்தில் ஒதுக்கி, லைற்றைப் போட்டு, கண்ணாடியும் காற்றுத் துளையும் மூடி, யன்னல் மட்டத்துக்குக் கீழே கம்பளிப் போர்வையால் மூடிப் படுக்கவேண்டும். உடுப்பு: பருத்தி அல்லது கம்பளி, முழுக்கை, முழுக்கால். எங்கட அம்மாமார் வீட்டில் போடுகிற நைலோன் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும்.

ஒரு விசயத்தில் மட்டும் எங்கட சனத்துக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பை. அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழே இப்போதும் ஒரு பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தாவின் படம், மருந்துச் சிட்டை. அவுஸ்திரேலியாவில் இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். பொறுமையாக இருந்தீர்கள், நன்றி.

‘ஆயத்தமாக இரு’ என்று அரசு சொல்லும்போது நான் இரண்டு காதாலும் கேட்கிறேன். ஒரு காதுக்கு அது நல்ல அறிவுரை. மற்றக் காதுக்கு, ‘செத்தால் உன்ர பிழை’ என்று கேட்கிறது. கறுப்புச் சனியின் மிகக் கொடிய நெருப்பு, கில்மோர் ஈஸ்ட் நெருப்பு, 119 பேரைக் கொன்றது. அது மூண்டது 43 வருடப் பழைய மின்கம்பி ஒன்று அறுந்து விழுந்ததால். விக்டோரியாவின் மின்விநியோகம் தொண்ணூறுகளில் தனியாருக்கு விற்கப்பட்டது. பாதிக்கப்பட்ட சனம் கூட்டாக வழக்குப் போட்டு, 2014இல் 49 கோடி டொலருக்கும் மேல் இழப்பீடு வாங்கியது. பீலி துப்புரவாக்காத வீட்டுக்காரர் மூட்டிய நெருப்பு அல்ல அது.

வாடகைக்கு இருக்கிறவர் பீலியில் கை வைக்கவே ஏஜென்ரிடம் கேட்கவேண்டும். பிறிட்ஜிங் விசாவில் இருக்கிறவர் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு அண்ணா பண்ணையில் மரக்கறி பிடுங்குகிறார். போன கோடையில் ஒரு எக்ஸ்ட்ரீம் நாள், மலைப்பக்கம் புகை தெரியுது. போகட்டா என்று கேட்டிருக்கிறார். “இந்த வரிசையை முடிச்சிட்டுப் போ, இல்லாட்டி நாளைக்கு வராத” என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். அண்ணா வரிசையை முடித்தார். அன்றைக்கு நெருப்பு அந்தப் பக்கம் வரவில்லை. வராதது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நாங்கள் திட்டம் என்று சொல்ல ஏலாது. அவருக்கு ‘வேளைக்கு வெளிக்கிடுங்கோ’ என்ற துண்டைக் கொடுத்து என்ன பயன்?

அவருக்குத் தேவை சங்கம். விக்டோரியாவின் 2004ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தொழிலாளர் தெரிவுசெய்த பாதுகாப்புப் பிரதிநிதி, உடனடி ஆபத்து என்றால், முதலாளியோடு கதைத்தும் தீராவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். பிரதிநிதி இல்லாத இடத்தில் அந்தச் சட்டம் வெறும் தாள். அதனால் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் இந்த வருடம் தொழிற்சங்கத்தில் சேர்வது எப்படி என்று போட்டிருக்கிறோம். சிலர் கேட்டார்கள், நெருப்புக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. அந்த அண்ணாவைக் கேட்டுப் பாருங்கோ.

புகையும் அப்படித்தான். 2019-20 கோடையில் நெருப்பில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். புகையால் இறந்திருக்கக்கூடியவர்கள் 417 பேர் என்று மருத்துவ ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வெளியில் நின்று வேலை செய்கிறவர்கள், இழுப்பு உள்ளவர்கள், அம்மம்மாமார். பி2 முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கி வையுங்கோ. வேலைத்தலத்தில் கேட்டு வாங்குங்கோ.

தொடக்கத்தில் கடன் என்று சொன்னேன். இந்த நிலத்தின் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள், குளிர்ந்த காலத்தில் சின்னச் சின்ன நெருப்பாக மூட்டி நிலத்தைப் பராமரித்தவர்கள். காலனி வந்து அவர்களைத் துரத்தியது, அவர்களின் நெருப்பையும் அணைத்தது. இன்று பல இடங்களில் அவர்கள் அதை மீட்டெடுக்கிறார்கள். ‘பண்பாட்டு எரிப்பு’ என்று அழகாகச் சொல்லிவிட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதும் ஒருவகைக் களவுதான். காலநிலை வெப்பமாகிக்கொண்டு போக, இந்தக் கோரிக்கைகள் ஒன்றையொன்று விட்டு நிற்காது.

முடிக்கிறேன். மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று. இந்தக் கிழமை வீட்டில் ஒருக்கா இருந்து கதையுங்கோ: எந்த நாளில் போவது, ஆற்றை வீட்டை போவது, எந்த வழியால், அந்த வழி மூடினால் எது, மருந்து ஆரிடம். அம்மம்மாவை, அப்பப்பாவைச் சொல்ல விடுங்கோ. நீங்கள் எழுதுங்கோ.

இரண்டு. அழைப்புச் சங்கிலி. ஒருவர் மூன்று வீட்டுக்குப் பொறுப்பு. அதில் ஒன்றாவது கார் இல்லாத வீடாக இருக்கட்டும். சிவப்பு வரும்வரை பார்த்திருக்காமல் எக்ஸ்ட்ரீம் நாளுக்கு முதல்நாளே எடுங்கோ. எடுக்காவிட்டால் கதவைத் தட்டுங்கோ. தமிழ் வீடு மட்டும் என்றில்லை. எங்கட தெருவில் இரண்டு ஆப்கான் குடும்பம், ஒரு தனித்த வெள்ளைக்காரக் கிழவி இருக்கினம். நெருப்பு மொழி பார்க்காது.

மூன்று. நாங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் அச்சுக்குப் போகமுதல் அதை வாழ்ந்தவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ. எங்களுக்கு இரண்டு மொழி தெரியும் என்பது பெரிய திறமை இல்லை. எந்தச் சொல் ஆளைக் கதிரையோடு கட்டிவைக்கும், எந்தச் சொல் எழும்பி நடக்கவைக்கும் என்று தெரியவேண்டும். அது எனக்குத் தெரியாது. அம்மம்மாவுக்குத் தெரியும்.

துண்டுப்பிரசுரங்கள் வாசலில் இருக்கின்றன. ஆளுக்குப் பத்து எடுத்துக்கொண்டு போங்கோ. பின்பக்கத்தையும் வாசியுங்கோ.